தவிடும் தோலும் தீட்டும்

நமது நாட்டில் ஒரு பொருள் சுத்தமா அசுத்தமா, வேண்டியதா வேண்டாததா என்று தீர்மானிப்பதற்கு அப்பொருளைக் கையிலெடுத்துச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பெரியோர் சொன்னார்கள், சாஸ்திரம் சொல்லிற்று, பாட்டி விலக்கினாள் என்பதே போதுமான ருஜுவாக நினைக்கப்பட்டு வருகிறது. இந்தப் புத்தியினால் மனிதருக்குள் ஏற்பட்டிருக்கும் கேட்டைப் பற்றி நாம் வாரந்தோறும் எழுதி வருகிறோம். இவ்வாரம் அதே புத்தியினால் நமது அடுப்பங்கரையிலும், அரிசி மில்லிலும், காய்கறி மண்டியிலும் ஏற்பட்டிருக்கும் கேட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். தோல், தவிடு, கொட்டை, சக்கை என்று நாம் ஒதுக்கித் தள்ளுகிறவைகளில் என்ன இருக்கிறது, அதைப் பிரித்தெடுப்பது எப்படி, எடுத்தால் அதன் லாபம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பவைகளே விஷயம்.

“இது சமையற்கட்டுச் சங்கதியாயிற்றே, சாதியையும் சடங்கையும் கண்டிக்கும் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?” என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். அவர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், மனிதனைத் தொட்டால் தீட்டு என்று சொல்லும் மூளையும், புழுங்கலரிசி சாமிக்கு ஆகாது, வெங்காயம் தின்றால் தாமச குணம், தவிடு மாட்டுக்குத்தான் என்று சொல்லும் மூளையும் ஒரே மூளைதான் என்பதேயாகும். முதலாவதை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் இரண்டாவதைச் சும்மா விட்டுவிட முடியாது. அன்றியும், வெளுப்பே உயர்வு, ஒதுக்கியதெல்லாம் இழிவு என்னும் குருட்டு எண்ணம் ஆயிரக்கணக்கான மக்களின் உயிரையே வாங்கியிருக்கிறது என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. அதை முதலில் சொல்லுவோம்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் நீராவி மில்கள் வந்து, அரிசியைப் பல்லைப் போல வெளுப்பாகத் தீட்டித் தர ஆரம்பித்த காலத்தில், கிழக்குத் தேசங்களில் பெரிபெரி என்னும் நோய் கொடிய கொள்ளை நோய் போலப் பரவிற்று. கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். இதற்குச் சிறைக் கைதிகளும், பட்டாளத்து ஜவான்களும், கப்பற்காரர்களும், சுரங்கக் கூலிகளும் கூட்டங் கூட்டமாகப் பலியானார்கள். ஏதோ ஒரு கிருமியால் வருவதென்று டாக்டர்கள் கிருமியைத் தேடிக் கொண்டிருந்தார்கள்.

ஜாவாத் தீவின் பட்டேவியா நகரத்தில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மான் என்னும் டச்சுக்கார டாக்டர் ஒருவர் இதே ஆராய்ச்சியில் இருந்தார். அவர் சோதனைக்காக வளர்த்த கோழிகள் 1889-ம் வருஷத்தில் திடீரென்று கால் இழுத்து விழ ஆரம்பித்தன. கொஞ்ச நாள் கழித்துத் தாமாகவே குணமாகிவிட்டன. காரணம் என்னவென்று விசாரித்ததில் ஒரு வேடிக்கை வெளியாயிற்று. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மீதமான வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். அப்போது நோய் வந்தது. புதிதாக வந்த சமையற்காரன், “பட்டாளத்துச் சோற்றைச் சிவில் கோழிக்குப் போடமாட்டேன்” என்று மறுத்துவிட்டான், தீட்டாத அரிசி போட்டார்கள், நோய் போயிற்று! ஐக்மான் மறுபடி மறுபடி சோதித்து, அரிசியிலிருந்து நீக்கப்பட்ட தவிட்டைக் கொடுத்தால் விழுந்த கோழி எழுந்து நடக்கிறதென்று நிச்சயப்படுத்தினார்.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? அதையும் எண்ணிப் பார்த்தார்கள். வோர்டர்மன் என்பவர் ஜாவாவில் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். தவிடு நீக்காத அரிசி தின்ற கைதிகளில் சுமார் பதினாயிரத்துக்கு ஒருவருக்கும், நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி தின்றவர்களில் 39 பேருக்கு ஒருவருக்கும் பெரிபெரி இருந்ததாகக் கண்டார். ஐக்மான் வெள்ளை அரிசியில் ஒரு விஷம் இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901-ல், விஷம் ஒன்றுமில்லை, உடம்புக்கு வேண்டிய ஒரு பொருள் தவிட்டோடு போய்விடுவதே நோய்க்குக் காரணம் என்று சொன்னார். அதுவே சரியென்று ஏற்பட்டது. இந்த வேலைக்காக ஐக்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

படித்தவர்களுக்குங்கூட இந்த உண்மை சுலபத்தில் ஏறவில்லை. ஜப்பானில் கடற்படை டாக்டர் தகாகி 1880-களிலேயே கப்பற்காரர்களின் சாப்பாட்டை மாற்றி, பார்லியும் மற்றப் பதார்த்தங்களும் சேர்க்கச் செய்து நோயை ஒழித்துக் காட்டினார். ஆனால் தரைப்படையின் பெரிய டாக்டர்களோ அதை ஒப்பவில்லை. வெள்ளைச் சோறு போடுவதே ஜவானுக்குக் கௌரவமென்று நினைத்தார்கள். அதன் பலனாக 1904, 1905 வருஷங்களில் ருஷியாவோடு நடந்த யுத்தத்தில் தரைப்படையில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி வந்து, பல்லாயிரம் பேர் மாண்டார்கள். எதிரியின் குண்டுக்குத் தப்பியவனைச் சொந்தப் பட்டாளத்தின் வெள்ளைச் சோறு கொன்றது என்றால், கௌரவம் என்னும் மூட நம்பிக்கையின் யோக்கியதைக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இனி நம்மவர் சங்கதிக்கு வருவோம். மலாய் நாட்டில் அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகளும், தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் தமிழ்க் கூலிகளும் வேலை செய்தார்கள். சீனர்கள் வெள்ளை அரிசி சாப்பிட்டுப் பெரிபெரியால் ஏராளமாகச் செத்தார்கள். அதே நாட்டில் அதே தண்ணீரைக் குடித்த தமிழர்களை அந்நோய் ஏறக்குறைய அண்டவே இல்லை. பிராடன் என்னும் டாக்டர் இதைக் கவனித்து 1907-ல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழன் தின்றது புழுங்கலரிசி. பிராடனுங்கூடக் கெட்டுப்போன அரிசியின் விஷம் என்றே நினைத்தார். பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் பாதை போட்ட ஜாவாத் தொழிலாளர் சுமார் 300 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிப் பிரிவில்தான் நோய் வந்தது. புழுங்கலரிசிப் பிரிவில் வரவில்லை. 1909-ல் இதை வெளியிட்டு, தீட்டுவதால் சத்துப் போவதே நோய்க்குக் காரணமென்று ஸ்தாபித்தார்கள்.

புழுங்கலரிசியில் அப்படி என்ன அதிசயம் என்றால் ஒன்றும் இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து தண்ணீரோடு கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னால் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடுகிறது. இவ்வளவுதான்.

இப்போது நமது வைதிகர்களை ஒன்று கேட்கிறோம். விரதத்திற்கும், திதிக்கும், சாமிக்குப் படைப்பதற்கும் பச்சரிசிதான் ஆகும், புழுங்கலரிசி ஆகாது என்று நீங்கள் விதித்திருக்கிறீர்களே, அது எதனால்? யாரோ ஒரு கூலிக்காரி தண்ணீர் ஊற்றி ஏற்கனவே ஒரு தரம் அவித்தது, ஆகையால் அது பவித்திரம் கெட்டது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? அந்தப் “பவித்திரங் கெட்ட” அரிசியல்லவா கடல் கடந்து போன ஏழைத் தமிழனை உயிரோடு காப்பாற்றிற்று? உங்கள் சாமிக்கு உயர்ந்த அரிசி எது, தாழ்ந்த அரிசி எது என்பதே தெரியவில்லை என்றால், உயர்ந்த மனிதன் யார், தாழ்ந்த மனிதன் யார் என்பது மாத்திரம் எப்படித் தெரிந்தது?

இதற்கு இப்போது சிலர் புதுச் சமாதானம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். “பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் ரிஷிகள், அவர்களுக்கு வைட்டமினெல்லாம் அன்றைக்கே தெரியும்” என்கிறார்கள். தெரிந்திருந்தால் அந்தப் புழுங்கலரிசியை ஏன் பூஜைக்கு விலக்கினார்கள்? நெல்லை அவித்துக் குத்தும் வழக்கத்தைக் கண்டது காட்டில் கண்ணை மூடிக் கொண்டிருந்தவர்களல்ல. உமி சுலபமாய்க் கழலுகிறது, அரிசி நொறுங்காமல் வருகிறது என்று உலக்கை பிடித்த கையால் அறிந்த உழைப்பாளி மக்களே கண்டார்கள். அதனால் நோய் தடுக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவித்தது எண்ணிப் பார்த்த ஆராய்ச்சி. இரண்டிலும் சாஸ்திரத்துக்குக் காலணா பங்குகூடக் கிடையாது.

நிற்க, தவிட்டில் இருந்த அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க உலகத்தார் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதையும் பாருங்கள். ஜப்பானில் சுசுகி என்பவர் 1910-ல் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைச் சாறாகப் பிரித்தார். லண்டனில் வேலை பார்த்த போலந்துக்காரரான காசிமிர் ஃபங்க், தவிட்டை ஆராய்ந்து கொண்டிருந்தபோதுதான் 1912-ல் “வைட்டமின்” என்ற பெயரையே உண்டாக்கினார். ஐக்மான் வேலை செய்த அதே பட்டேவியாவில் ஜான்சன், டோனத் என்ற இருவர் 1926-ல் அதைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்கரான வில்லியம்ஸ் 1936-ல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, தவிடே இல்லாமல் செயற்கையாகச் செய்யும் வழியையும் கண்டார். அதுதான் தயாமின் என்னும் வைட்டமின் பி-1. ஆகவே வைட்டமின் என்னும் சொல்லே, நாம் மாட்டுத் தொட்டியில் கொட்டும் தவிட்டை ஒருவர் அலட்சியம் செய்யாமல் பார்த்ததால் உலகத்துக்குக் கிடைத்தது.

தவிட்டின் சங்கதி இப்படியென்றால் காய்கறித் தோலின் சங்கதியும் அப்படியே. தோலில் ஏன் சத்து அதிகமாயிருக்க வேண்டும் என்று கேட்கலாம். செடிக்குக் கைகால் கிடையாது, ஓட முடியாது. வெயில், பூஞ்சை, பூச்சி ஆகிய மூன்று எதிரிகளும் முதலில் தாக்குவது தோலைத்தான். ஆகையால் செடி தன் காவற் சரக்கில் பெரும் பங்கைத் தோலில் கொண்டுபோய் வைக்கிறது. வெங்காயத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். நிறமுள்ள வெங்காயத்தை ஒரு வகைப் பூஞ்சை தாக்குவதில்லை, வெள்ளை வெங்காயத்தைத் தாக்குகிறது. ஏன் என்று அமெரிக்காவில் ஆராய்ந்ததில், நிறமுள்ள வெங்காயத்தின் காய்ந்த தோலில் பூஞ்சையைக் கொல்லும் பொருள் இருப்பதாக 1929-ல் கண்டார்கள். குவர்செட்டின் என்னும் மஞ்சட் சரக்கும் உள்ளே இருக்கும் சதையைவிட மேல் தோலில்தான் பல மடங்கு அதிகம். வெங்காயத்தை உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று வேதாந்தத்துக்கு உவமை சொல்லுவதுண்டு. வேதாந்தத்தைப் பொறுத்தவரை அது சரியே. வெங்காயத்தைப் பொறுத்தவரை, உரித்துக் கீழே போட்டதில்தான் சரக்கு இருக்கிறது!

இந்தச் சரக்குகளைப் பிரித்தெடுப்பது ஏதோ மந்திர வித்தை என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை. காப்பித் தூளில் வெந்நீர் ஊற்றி டிக்காஷன் இறக்குகிறோமே, அதுவே இதற்கு மூலதத்துவம். எந்தச் சரக்கு எதில் கரையுமோ அதில் ஊறவைத்து, வடிகட்டி, கரைத்த திரவத்தை ஆவியாக்கி விட்டால் சரக்கு நின்றுவிடும். சில சரக்குகள் தண்ணீரில் கரையும். அரிசி கழுவிய நீரிலும் வடித்த கஞ்சியிலும் பி-1 போய்விடுவது இதனால்தான். சில, ஆல்கஹால் என்னும் சாராயச் சத்தில் கரையும். சில, எண்ணெயில்தான் கரையும். தக்காளியை வதக்கும்போது எண்ணெய் சிவந்து மேலே மிதக்கிறதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம். அந்தச் சிவப்புத்தான் லைகோபீன். அதுவும் தக்காளியின் சதையைவிடத் தோலில் அதிகமாக இருக்கிறது. தக்காளிச் சாறு காய்ச்சும் தொழிற்சாலைகளில் மீதமாகும் தோலிலிருந்து இதை எடுத்து உணவுக்கு நிறமூட்ட உபயோகிக்கிறார்கள். எண்ணெய்க்குப் பதிலாகக் கரியமில வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் சரக்கைக் கரைத்தெடுப்பதும் உண்டு. அழுத்தத்தை எடுத்தவுடன் வாயு பறந்துவிடும், சரக்கு மிஞ்சும்.

பிரான்சு தேசத்தில் பிராக்கோனோ என்பவர் 1825-லேயே பழங்களையும் கிழங்குகளையும் ஆராய்ந்து, கூழை உறையச் செய்யும் பெக்டின் என்னும் பொருளைக் கண்டார். இன்றைக்கு உலகத்தில் விற்கும் பெக்டினில் பெரும் பகுதி, சாறு பிழிந்த பின் மீதமாகும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சக்கையைக் கொஞ்சம் அமிலம் கலந்த வெந்நீரில் வேகவைத்து, வடித்து, ஆல்கஹால் சேர்த்தால் பெக்டின் திரண்டு வரும். பழச்சாறுக் கம்பெனிக்காரன் சாற்றையும் விற்கிறான், தோலையும் விற்கிறான். நமது நாட்டிலோ தோலை மண்டிக்கு வெளியே கொட்டி அழுகவைத்து, ஈயை வளர்த்து, பிறகு வாந்திபேதி வந்தால் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிறோம்.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. தவிட்டெண்ணெய் இன்று நமது தேசத்தில் லட்சக்கணக்கான டன் உற்பத்தியாகிறது. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 8 கிலோ தவிடு கிடைக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் எண்ணெய் இருக்கிறது. ஆனால் அரிசி தீட்டிய உடனேயே தவிட்டிலுள்ள ஒரு நொதி எண்ணெயைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். சீக்கிரம் சூடு காட்டி அந்த நொதியை அடக்காவிட்டால் தவிடு காறிப் போய்ச் சாப்பாட்டு எண்ணெய்க்கு உதவாது. இங்கே ஒரு விசேஷம் கவனியுங்கள். புழுங்கல் நெல்லின் தவிடு முன்பே வெந்ததாகையால் பச்சரிசித் தவிட்டைப் போல அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. எண்ணெயும் அதில்தான் அதிகம். சாமிக்கு ஆகாத அரிசியின் தவிடு ஆலைக்கு முதல் தரமாகிறது! எண்ணெய் எடுத்த பின் நிற்கும் தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகிறதால் வாயில்லாச் ஜீவன்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. இந்த மாதிரி ஆராய்ச்சிக்காகவே 1967-ல் திருவாரூரில் ஒரு நிலையம் துவக்கப்பட்டு, பிறகு தஞ்சாவூருக்கு மாற்றப்பட்டு இன்றும் நடைபெற்று வருகிறது. மைசூரில் 1950-ல் ஏற்பட்ட உணவு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பஞ்சாங்கம் பார்க்கத் தஞ்சை ஜில்லாவில் எத்தனையோ பேர் வீடு தேடிப் போகிறார்கள். இந்த நிலையத்தின் வாசலைப் பார்த்த குடியானவர் எத்தனை பேர்?

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன. கூழ் டப்பாவுக்குப் போகிறது. தோலும் கொட்டையும் மலையாகக் குவிகிறது. மாங்கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் கொழுப்பு, சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சேர்க்கலாமென்று ஐரோப்பிய யூனியன் 2000-ல் செய்த சட்டத்தில் அனுமதித்த ஆறு கொழுப்புகளில் ஒன்று. அதே மாங்கொட்டையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 2001-ல் ஒரிசாவில் காசிப்பூர் பக்கத்து மலைவாசி ஏழைகள், தின்ன வேறொன்றும் இல்லாமல் மாங்கொட்டைப் பருப்பைக் கஞ்சி வைத்துக் குடித்து, இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். சர்க்கார் தரப்பார் மாங்கொட்டையின் விஷம் என்றார்கள். மற்றவர்கள் பட்டினியின் கொடுமை என்றார்கள். எப்படியிருந்தாலும், ஒரே கொட்டை படிப்பும் பணமும் உள்ளவன் கையில் சாக்லேட்டாகவும், இரண்டும் இல்லாதவன் கையில் சாவாகவும் ஆகிறது என்றால், இதற்குக் காரணம் தலைவிதியா, சமுதாய அமைப்பா என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இவ்வளவு சொன்னதைக் கொண்டு, தோலென்று கண்டதையெல்லாம் அமிர்தமென்று விழுங்க யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. சாஸ்திரம் சொல்லியதற்காக ஒன்றைத் தள்ளுவது எப்படி மூட நம்பிக்கையோ, விளம்பரம் சொல்லியதற்காக ஒன்றை விழுங்குவதும் அப்படியே மூட நம்பிக்கைதான். உருளைக்கிழங்குத் தோல் பச்சை பூத்திருந்தால் அதில் சோலனின் என்னும் விஷம் கூடியிருக்கிறதென்று அர்த்தம். மேல் தோலில் சத்துத் தங்குவது போலவே, நாம் அடிக்கிற பூச்சி மருந்தும் தோலில்தான் தங்குகிறது. ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்த நிலத்தில் விளைந்த நெல்லென்றால், அந்தப் பாஷாணமும் அரிசியைவிடத் தவிட்டில்தான் அதிகம் சேருகிறது. ஆகவே எடுக்குமுன் சோதிக்க வேண்டும், எடுத்தபின்னும் சோதிக்க வேண்டும்.

புட்டியில் அடைத்து விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரட்டில் மஞ்சள் நிறம் கொடுக்கும் காரோட்டின் என்னும் சரக்கை 1831-லேயே பிரித்தார்கள். அது நல்லதுதான். காய்கறி அதிகம் தின்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாயிருக்கக் கண்டு, அந்தச் சரக்கை மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் நல்லதென்று பலர் நம்பினார்கள். பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் 29,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்துப் பல வருஷம் பரீட்சை செய்து 1994-ல் முடிவு வெளியிட்டார்கள். காரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. மற்றவர்களைவிட நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அதிகமாகவே வந்திருந்தது! இதைக் கண்டவுடன் அந்த டாக்டர்கள் செய்தது என்ன? முடிவை மறைக்கவில்லை, “இது தெய்வ சித்தம்” என்று சொல்லவும் இல்லை. உலகமறிய அச்சிட்டார்கள். ஆராய்ச்சிக்கும் மதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். “சர்வரோக நிவாரணி, தோலிலிருந்து எடுத்தது, முனிவர் கண்டது” என்று எவனாவது புட்டியைக் காட்டினால், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தாய், கொடுக்காதவர்கள் எத்தனை பேர், இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். அவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

கடைசியாக, இதன் லாபம் யாருக்கு என்பது. மண்டியில் கழிவை வாரும் வேலை இன்றைக்கும் நமது ஊர்களில் பெரும்பாலும் ஒரு சில சாதியார் தலையிலேயே பிறப்பினால் சுமத்தப்பட்டிருக்கிறது. அது குப்பையாயிருக்கும் வரையில் அவர்களுக்கு. அதிலிருந்து பணம் வருமென்று தெரிந்துவிட்டாலோ, அப்போது தீட்டு எங்கோ ஓடிப்போகும். செத்த மாட்டுத் தோலைத் தொடுவது சண்டாளத் தொழில் என்று சொல்லியவர்கள், தோல் வியாபாரத்திலும் செருப்புக் கம்பெனியிலும் லாபம் வந்ததும் முதலாளிகளாக உட்காரவில்லையா? தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு, தோல் விற்ற பணத்தைத் தொட்டவனுக்குத் தீட்டில்லை! நாளைக்குக் காய்கறித் தோலிலும் மாங்கொட்டையிலும் இதே கதை நடக்காமல் இருக்க வேண்டுமானால், இப்போதே சில காரியங்கள் செய்தாக வேண்டும்.

ஒன்று, வீட்டில். அதிகம் தீட்டிய வெள்ளை அரிசி கௌரவம் என்ற எண்ணத்தை விடுங்கள். அரிசியை ஏழு தரம் கழுவி, கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தோலோடு தின்னக்கூடிய காயைக் கழுவித் தோலோடு தின்னுங்கள். தின்னத் தகுந்ததைத் தின்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான ஆலை.

இரண்டு, ஊரில். ஈரத் தோலும் சக்கையும் ஒரு நாள் வெயிலில் கிடந்தால் அழுகிவிடும். தண்ணீர்ப் பாரத்தைத் தூர தேசத்துக்கு லாரியில் ஏற்றினால் வாடகைக்கே கட்டாது. ஆகையால் உலர்த்துவதும் அரைப்பதும் விளைகிற இடத்திலேயே நடக்க வேண்டியவை. இது கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஏற்ற தொழில். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் விலை விழும்போது தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு அழுகிற குடியானவன், கோயிலுக்குத் தேர் செய்யச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை உலர்த்தும் யந்திரத்துக்குச் சேர்த்தால் என்ன முழுகிப் போகும்? சர்க்காரும் இதற்குக் கடனும் நிபுணர்களும் தந்தாக வேண்டும். எண்ணெய் கரைத்தெடுக்கும் திரவங்களில் சில சீக்கிரம் தீப்பற்றக் கூடியவை. ஆகையால் வேலை செய்பவரின் உயிருக்குப் பந்தோபஸ்தும் சட்டத்தில் மாத்திரமல்லாமல் ஆலையிலும் இருக்க வேண்டும்.

மூன்று, படிப்பில். இதுவே முக்கியம். இன்று குப்பை வண்டி தள்ளுகிறவரின் பிள்ளை நாளை அந்தக் குப்பையைச் சோதிக்கும் ஆராய்ச்சிசாலையில் உட்கார வேண்டும். விடுதியும், சம்பளமில்லாப் படிப்பும், உத்தியோகத்தில் விகிதாசாரமும் இதற்காகத்தான் கேட்கிறோம். “தகுதி, திறமை” என்று கூச்சலிடுகிறவர்கள், ஆயிரக்கணக்கான வருஷமாய்ப் படிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக் கொண்டிருந்தும், காலடியில் கிடந்த தவிட்டில் என்ன இருக்கிறதென்று ஒரு நாளாவது பார்த்தார்களா?

ஆகவே தோழர்களே! அடுத்த தரம் ஒரு பொருளைப் பற்றியாகட்டும், ஒரு மனிதரைப் பற்றியாகட்டும், “அது ஆகாது, தள்ளு” என்று எவராவது சொன்னால், சொன்னவர் யார் என்று பார்க்காதீர்கள். எந்தச் சோதனையில் கண்டீர் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவருடைய வார்த்தையைத்தான் முதலில் தள்ள வேண்டும்.